வல்லாரைக்குள் 'வெல்லாரின்' தேடிய புதுச்சேரி மருந்தாளுநர்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்ல கட்டுக்கட்டா விக்கிற வல்லாரைக்கு பிரெஞ்சு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1855இல் இங்கே கடற்படை மருந்தாளுநராக இருந்த ழூல் லெப்பீன் வல்லாரையை ஆராய்ந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய் போன்ற பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'வெல்லாரின்'. ஆமாம், நம்ம வல்லாரைதான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆயிடுச்சு.

லெப்பீன் தேடியது என்ன என்று புரிய, ஐரோப்பியரின் பழைய மூலிகை மருத்துவத்தைக் கொஞ்சம் பார்க்கணும். கிரேக்க மருத்துவர் காலென் வழிவந்த கணக்கில் உடம்புக்கு நான்கு நீர்கள்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். ஒவ்வொரு மூலிகைக்கும் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என்று குணம் உண்டு. அந்தக் குணத்தையும் நான்கு படிகளாக அளந்தார்கள். வாதம், பித்தம், கபம் பேசுகிற நமக்கு இது பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரிதான்.

இன்னொரு கொள்கை, செடியின் உருவமே அதன் பயனைக் காட்டும் என்பது. புள்ளி விழுந்த இலை நுரையீரல் போல இருக்கிறதென்று ஒரு செடிக்கு 'நுரையீரல் பூண்டு' என்றே பெயர் வைத்து, இருமலுக்குக் கொடுத்தார்கள். வல்லாரை இலை மூளை மாதிரி இருக்கு, அதனால ஞாபக சக்தி வரும்னு இன்றைக்குச் சொல்றாங்களே, அதுவும் இதே வாதம்தான்.

மூன்றாவது கொள்கைதான் நம்ம கதைக்கு முக்கியம். சில மூலிகைகள் ஒரு குறிப்பிட்ட நோயைத் தாக்குவதில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்து மொத்த உடம்பையும் மெல்லத் தேற்றுகின்றன என்று நம்பினார்கள். சீமைக் காஞ்சொறி, டேன்டேலியன் போன்றவற்றை வசந்த காலத்தில் உண்டது இதற்காகத்தான். பிரெஞ்சில் இவ்வகை மருந்துக்கு 'தெப்யுராத்திஃப்' என்று பெயர். நம்ம பேச்சில் ரத்த சுத்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வியே மாறியது. அபினியிலிருந்து மார்ஃபீன் பிரிக்கப்பட்டிருந்தது. 1820இல் பாரிஸில் சின்கோனா பட்டையிலிருந்து குயினைன் கிடைத்தது. அதற்கப்புறம் எந்தச் செடியைப் பார்த்தாலும் "உள்ளே இருக்கிற சரக்கு எது?" என்பதுதான் கேள்வி.

இந்தச் சமயத்தில்தான், 1852இல், மொரீஷியஸ் மருத்துவர் புவாலோ வல்லாரை தொழுநோய்க்குப் பயன்படும் என்றார். தொழுநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. லெப்பீனுக்கு உலர்ந்த செடியிலிருந்து 0.8 முதல் 1 சதவீதம் வரை வெல்லாரின் கிடைத்தது. அவர் பெயரிலேயே வல்லாரை சிரப்பும் குறுமணி மாத்திரையும் பாரிஸில் விற்பனைக்கு வந்தன.

அதே 1855இல் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் வல்லாரையைக் கொடுத்துப் பார்த்தார். தொழுநோய்க்கு இது தனி மருந்து ஆகாது, ஆனால் நோயாளியின் பொதுவான உடல்நிலை தேறுகிறது என்பது அவர் முடிவு. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது. நவீன மருத்துவராகச் சோதிக்கப் போனவர், பழைய மூலிகைக்காரன் சொல்லியிருக்கக்கூடிய பதிலோடு திரும்பி வந்தார்.

வெல்லாரின் நிலைக்கவில்லை. 1874இல் வெளிவந்த 'ஃபார்மகோகிராஃபியா' நூலில் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும், உலர்ந்த வல்லாரையைச் சாராயத்தில் வடித்துப் பார்த்தும் வெல்லாரின் மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 1940களின் தொடக்கத்தில் மடகாஸ்கர் செடியிலிருந்து வேறொரு பொருள் பிரிக்கப்பட்டது. அதற்கு 'ஏசியாட்டிகோசைட்' என்று பெயர். புண் ஆற்றும் களிம்புகளில் அது இடம் பிடித்தது. இப்போ கடையில விக்கிற 'சிகா' கிரீம்களும் அதே வழியில் வந்தவைதான்.

அப்போ பழைய கொள்கைதான் ஜெயிச்சதா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிரப்பை நம்பிக் குடித்த தொழுநோயாளிக்குத் தேவைப்பட்டது கிருமியைக் கொல்லும் மருந்து. கிருமியை ஹான்சன் கண்டது 1873இல். சல்ஃபோன் மருந்துகள் வந்தது 1940களில். உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது 1981இல். அந்த வேலையை எந்த ரத்த சுத்தியும் செய்திருக்காது. அதே சமயம், "உடம்பு தேறுது" என்று ஹன்டர் பார்த்ததையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. எந்தக் கேள்விக்கு எந்த மருந்து என்பதில்தான் விஷயம் இருக்கு.

பெயர்க்கணக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 'ஏசியாட்டிகோசைட்' என்பது லின்னேயஸ் செடிக்கு வைத்த 'ஏசியாட்டிகா'விலிருந்து வந்தது. வெளிநாட்டு மாத்திரைப் புட்டியில் இருக்கும் 'கொட்டு கோலா' சிங்களச் சொல். புதுச்சேரியிலிருந்து வேதியியலுக்குள் போன தமிழ்ப் பெயர், அந்தப் பொருளோடு சேர்ந்தே காணாமல் போய்விட்டது.