தள்ளுபடி: 1938க்கும் 2008க்கும் இடையே ஒரு சொல்

(நீண்ட பதிவு. பொருளியல் வரலாறும் சட்ட வரலாறும் பயில்வோருக்கு.)

தமிழில் 'தள்ளுபடி' என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, அரசாணையில் கடன் தள்ளுபடி. முதலாவதில் இழப்பு, பெயரளவிலேனும், விற்பவருக்கு. இரண்டாவதில் கேட்டவருக்கு. மூன்றாவதில் இழப்பு யாருடையது என்பதைச் சொல் மறைத்துவிடுகிறது. நான் வாழும் பெங்களூரில் நாளிதழ்கள் எழுதும் 'சால மன்னா'வும் அவ்வாறே. இலங்கைத் தமிழ் இதழ்கள் வழங்கும் 'பிணையெடுப்பு' சற்று நேர்மையானது. பிணை என்றால் யாரோ ஒருவர் பிணை நிற்கிறார் என்பதாவது விளங்கும்.

அரசு கடனாளியைக் காப்பாற்றலாகாது என்ற வலதுசாரி விமர்சனத்தை மதிப்பிட, இழப்பு யார் தலையில் விழுகிறது என்ற இந்தக் கேள்வியே முதன்மையானது என்று கருதுகிறேன். அதற்குச் சென்னை மாகாணத்தின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அண்மைய ஆண்டு. 2008 பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். சிறு, குறு விவசாயிகளின் நிலுவை முழுதும் நீக்கப்பட்டது. ஏனையோர் எஞ்சியதைச் செலுத்தித் தீர்த்தால் 25 சதவீதம் கழிவு. ஏழு மாதம் கழித்து அமெரிக்காவில் வீட்டு அடமானச் சந்தை சரிந்து, 70,000 கோடி டாலர் மீட்புச் சட்டம் மன்றத்துக்கு வந்தது. செப்டம்பர் 29 அன்று கீழவை அதை 228க்கு 205 என்ற கணக்கில் முறியடித்தது. எதிர்த்தவர்களில் 133 பேர் குடியரசுக் கட்சியினர். முன்மொழிந்ததோ அவர்களுடைய அதிபரின் அரசு. சில நாட்களில் திருத்தப்பட்ட வடிவம் நிறைவேறியது. மறு ஆண்டு பிப்ரவரியில் ஒபாமா அரசு வீட்டுக்கடன்காரர்களுக்கென 7,500 கோடி டாலர் திட்டத்தை அறிவித்ததும், சிகாகோ வணிகச் சந்தையின் தளத்தில் நின்று ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சியாளர் வெடித்தார். அண்டைவீட்டுக்காரன் அடைக்காத கடனை ஒழுங்காகத் தவணை கட்டியவன் ஏன் அடைக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். 'தேநீர் விருந்து' இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. இழப்பு தன் தலையில் விழாது என்று தெரிந்தவன் துணிந்து கடன் வாங்குவான், துணிந்து கடன் கொடுப்பான். 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், கடன் தள்ளுபடிகள் நேர்மையான கடன் பண்பாட்டைக் குலைக்கும் என்று எச்சரித்ததும் இதே அடிப்படையில்தான். அவ்வாண்டு ஜூனில் சித்தராமையா அரசு கூட்டுறவுக் கடன்களில் 8,165 கோடியையும், அடுத்த ஆண்டு ஜூலையில் குமாரசாமி அரசு 34,000 கோடியையும் அறிவித்தன. எச்சரிக்கையின் அரசியல் எடை எவ்வளவு என்பதை அதிலிருந்தே அறியலாம்.

இனி வரலாறு. இந்தியாவில் வலதுசாரிப் பொருளியலுக்கென எழுந்த முதன்மையான கட்சி 1959இல் தோன்றிய சுதந்திராக் கட்சி. அதன் நிறுவனர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். முதல் தலைவர் என்.ஜி. ரங்கா. 'லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்' என்று நேருவின் அரசைச் சாடிய அதே இராஜாஜிதான், 21 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணப் பிரதமராக, 2008ஆம் ஆண்டுத் திட்டத்தைக் காட்டிலும் ஒருவகையில் கடுமையான கடன் சட்டத்தை இயற்றியவர். ரங்காவோ முப்பதுகளில் ஆந்திர விவசாயிகளின் கடன் நிவாரணத்துக்காகக் கிளர்ச்சி செய்தவர். இதை முரண்பாடு என்று சுட்டிக்காட்டி நகர்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை.

சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1938ஆம் ஆண்டின் நான்காம் சட்டம், அவ்வாண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னணி 1929க்குப் பிந்தைய விலைவீழ்ச்சி. நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாயிற்று. கடன் பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் குறையவில்லை. நூறு மூட்டை நெல்லின் விலைக்குச் சமமாகக் கடன் வாங்கியவர், வட்டியை விட்டுவிட்டாலும், இருநூறு மூட்டை விற்றால்தான் முதலைத் திருப்ப முடியும் என்ற நிலை. மாகாணத்தின் ஊரகக் கடனை 1930இன் வங்கி விசாரணைக் குழு 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது; 1935இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது.

கடலுக்கு அப்பால் இதன் இன்னொரு முகம். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938இல் அது சுமார் 25 சதவீதம். அடமானம் மூழ்கி வந்த நிலம் அது. செட்டியார்கள் வேண்டியது நிலமன்று, பணம். சுழலவேண்டிய முதல் சேற்றில் உறைந்துபோனது. விலை சரிந்த சந்தையில் ஈட்டுப்பொருளைக் கைப்பற்றும் கடன்காரனுக்கு நேர்வது இதுவே. 2008இல் ஆயிரக்கணக்கான காலி வீடுகளுக்கு உரிமையாளர்களான அமெரிக்க வங்கிகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். செட்டியார்களை மீட்க எந்த அரசும் வரவில்லை. 1942இல் சப்பானியப் படைதான் வந்தது.

சட்டத்தின் உள்ளமைப்பைக் கவனிக்க வேண்டும். 1932 அக்டோபர் 1 ஒரு வெட்டுக்கோடு. அதற்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுதும் நீங்கியது. முதலும் வட்டியுமாக ஏற்கெனவே முதலைப்போல் இருமடங்கு செலுத்தியவரின் கடன் அறவே தீர்ந்தது. வெட்டுக்கோட்டுக்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இச்சலுகை இல்லை. வட்டி மட்டும் ஆண்டுக்கு 5 சதவீதத் தனிவட்டியாகத் திருத்திக் கணக்கிடப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டு: 1925இல் 12 சதவீதத் தனிவட்டிக்கு 500 ரூபாய் வாங்கிய ஒருவர், ஐந்தாண்டு வட்டி 300 ரூபாயைக் கட்டி, 1930இல் முடங்கிப்போனார் என்று கொள்வோம். 1937இல் கடன்காரர் கேட்பது 920 ரூபாய். சட்டம் தரச்சொல்வது 500.

ஏன் 1932? விலை விழுமுன்னும் விழும்போதும் கடன்பட்டவரை, விழுந்த விலையை அறிந்தே கடன்பட்டவரிடமிருந்து அந்தக் கோடு பிரிக்கிறது. முன்னவர் ஒப்புக்கொண்ட சுமை ஒன்று, சுமந்தது வேறொன்று. ஆக, இச்சட்டம் ஒப்பந்தத்தை முறிப்பதாகத் தோன்றினாலும், பணத்தின் மதிப்பு மாறியதால் ஏற்கெனவே முறிந்திருந்த ஒப்பந்தத்தைச் சீர்செய்ய முயன்றது என்றே வாசிக்கிறேன். இருமடங்கு விதியிலும் புதுமை குறைவு. பம்பாய்ப் பகுதியில் வழங்கிய 'தாம்துபட்' என்ற பழைய இந்துச் சட்ட விதி, வட்டி நிலுவை முதலை மிஞ்சலாகாது என்கிறது. அதன் சாயல் இதில் தெரிகிறது. பழமைவாதி ஒருவர் கடன் நிவாரணம் எழுதினால் எப்படி எழுதுவாரோ, அப்படியே எழுதப்பட்ட சட்டம்.

இன்னொரு விதிவிலக்கும் குறிப்பிடத்தக்கது. வேறு சொத்தில்லாத பெண்ணொருத்திக்கு வரவேண்டிய கடன், முதல் 3,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால், சட்டம் அதைத் தொடாது. சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டு வாழ்ந்த கைம்பெண்களை இதில் காணாமல் இருக்க முடியாது. கடன்காரர் என்றாலே கொழுத்தவர் என்று சட்டத்தை எழுதியவர்கள் கருதவில்லை. இழப்பைத் தாங்கவியலாத கடன்காரரும் உண்டென்று அறிந்திருந்தனர்.

கருவூலத்திலிருந்து காசு கொடுத்து இந்தக் கடன்கள் தீர்க்கப்படவில்லை. இழப்பு முழுதும் கடன் கொடுத்தவருடையது. எனவே எதிர்ப்பும் அவர்களிடமிருந்தே வந்தது. சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் என்ற வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. கைச்சாத்துப் பத்திரங்கள் மத்தியச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை, மாகாணம் அவற்றில் கைவைக்கலாகாது என்பது வாதம். 1940இல் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர், சட்டத்தின் சாரம் எதுவோ அதைக் கொண்டே அதிகாரத்தை அளக்கவேண்டும் என்ற கோட்பாட்டைக் கையாண்டு சட்டத்தை நிலைநிறுத்தினார். நீதிபதி சுலைமான் மாறுபட்டார். அரசமைப்புச் சட்டம் பயிலும் மாணவர்கள் அக்கோட்பாட்டை மனனம் செய்கிறார்கள். அது ஒரு கவுண்டரின் கடன் வழக்கில் கையாளப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இதே போராட்டம் அமெரிக்காவில் சற்று முன்னரே நடந்தது. 1933இல் மினசோட்டா மாநிலம் அடமான வீடுகளை மீட்கும் காலக்கெடுவை நீட்டித்தது. அதற்கிடையே கடனாளி நியாயமான வாடகைத் தொகையைச் செலுத்த வேண்டும். 1934இல் பிளேஸ்டெல் வழக்கில் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்று அதை ஏற்றது. எதிர்த்தெழுதிய சதர்லாந்தின் வாதம் வலுவானது: நெருக்கடிக் காலத்தில் கடனாளிகளுக்காகச் சட்டமன்றங்கள் இப்படிச் செய்துவிடும் என்று அஞ்சியே அரசமைப்பில் ஒப்பந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது, அதே நெருக்கடியைக் காரணம் காட்டி அதைத் தளர்த்துவது எப்படி? அவரும் மக்கள் வரிப்பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வரிப்பணம் அங்கே செலவாகவே இல்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றாம் மாதத்தில், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி கதவடைத்தது. முந்தைய ஆண்டுதான் இரு வங்கிகள் இணைந்து உருவான அந்நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி அதைக் காப்பாற்றவில்லை, வங்கி கலைக்கப்பட்டது. வீழ்ச்சியின் பின்னே திவான் சி.பி. இராமசாமி ஐயரின் அரசியல் இருந்ததா என்ற விவாதம் நெடியது, இங்கே வேண்டாம். சிறு கடனாளிக்கு அரசு கைகொடுத்த அதே ஆண்டில், பெரிய வங்கி ஒன்று விழ விடப்பட்டது என்பது மட்டும் இங்கே போதும். 2008இல் உலகம் கண்டது இதற்கு நேர்மாறு.

1959க்கு வருவோம். இராஜாஜி எதிர்த்தது அரசின் தலையீடு அனைத்தையும் அன்று. சலுகையை அரசே பங்கிட்டு, அதனால் அரசியல் ஆதரவைத் திரட்டும் ஏற்பாட்டை. 1938இன் சட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அமைச்சரோ அதிகாரியோ முடிவுசெய்யவில்லை; ஒரு தேதியும் ஒரு கணக்கும் முடிவுசெய்தன, கணக்கில் பிணக்கென்றால் முன்சீப் நீதிமன்றம். இவ்வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் இரு இராஜாஜிகளும் ஒருவரே.

பெரிய முறிவு அவருடைய இறுதி ஆண்டுகளில் நேர்ந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியும் அவற்றுள் ஒன்று. சுதந்திராக் கட்சியின் மினு மசானி உள்ளிட்டோர் நீதிமன்றம் சென்றனர். 1970இல் கூப்பர் வழக்கில் வென்றும் பயனில்லை. திருத்திய சட்டம் வந்துவிட்டது. சொத்துரிமை, இழப்பீடு என்றே அவ்வழக்கு பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. கடன் வரலாற்றில் அதன் விளைவு வேறு: அரசே கடன்காரராயிற்று. கடன் கொடுப்பதும் மன்னிப்பதும் மன்னித்ததற்கு ஈடுசெய்வதும் ஒரே கை. 1990இல் வி.பி. சிங் அரசின் 10,000 ரூபாய் வரையிலான தள்ளுபடி அதற்குப் பிறகே சாத்தியமாயிற்று.

ஆகவே 2008இன் தள்ளுபடியில் 1938இல் இல்லாத ஒன்று நிகழ்ந்தது. கருவூலம் பணம் செலுத்தியது வங்கிக்கு. வராக்கடன் வசூலாயிற்று. அமெரிக்காவில் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தந்த பணம், அதனிடம் பெறவேண்டியிருந்த பெருவங்கிகளுக்கு டாலருக்கு டாலர் குறையாமல் போய்ச்சேர்ந்ததும் இவ்வகையே. தவறான கடனைக் கொடுத்தவர் இழப்பிலிருந்து விடுபடுகிறார். வலதுசாரி விமர்சனம் முழு வலுவுடன் பொருந்துவது இங்கேதான். ஆனால் சான்டெல்லியின் சினம் அண்டைவீட்டுக்காரன் மீது பாய்ந்தது. நம்மூர்த் தலையங்கங்களின் சினம் விவசாயியின் ஒழுக்கத்தின் மீது. 1938ஐ எதிர்த்தவர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை. இழப்பு தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

1938இன் சட்டத்தை நான் புகழ்வதாகக் கொள்ள வேண்டாம். அதில் 'விவசாயி' என்பவர் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உடையவர். நிலமற்ற கூலியாளின் கடன் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. 1946இல் வெளிவந்த பி.வி. நாராயணசாமி நாயுடுவின் அறிக்கை, மாகாணத்தின் ஊரகக் கடன் 1939இல் 272 கோடியிலிருந்து 1945இல் 218 கோடியாகக் குறைந்ததாக மதிப்பிட்டது. குறைத்தது பெரும்பாலும் போர்க்கால விலையேற்றம். விற்க நெல் இருந்தவர்களின் கடன் இறங்கியது, பெருநிலக்காரருக்கு மிகுதியாக. விவசாயத் தொழிலாளரின் கடன் ஏறியது. 2008இன் திட்டம் வங்கி, கூட்டுறவுக் கடன்களை மட்டுமே தொட்டது. 2003இன் தேசிய மாதிரி ஆய்வின்படி விவசாயக் குடும்பங்களின் கடனில் அத்தகைய நிறுவனங்களின் பங்கு 57.7 சதவீதம். எஞ்சிய 42.3 சதவீதம் வட்டிக்காரரிடமும் வணிகரிடமும் உறவினரிடமும் வாங்கியது. அதற்குத் தள்ளுபடி என்ற சொல் வந்துசேரவில்லை.