ஐந்து பவுண்டும் பழங்குடித் தாயும்

1912இல் ஆஸ்திரேலிய அரசு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஐந்து பவுண்டு பேறுகாலப் பணம் கொடுக்கச் சட்டம் போட்டது. பிரதமர் ஆண்ட்ரூ ஃபிஷர், தொழிற்கட்சிக்காரர். மணமாகாத தாய்க்கும் உண்டு என்றார். தேவாலயங்கள் எதிர்த்தும் மசியவில்லை. அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான். ஆனால் யாருக்குக் கிடையாது என்பதையும் அதே சட்டம் சொன்னது: ஆசியப் பெண்கள், பாப்புவா, பசிபிக் தீவுப் பெண்கள், பிறகு அந்த மண்ணுக்கே உரிய பழங்குடிப் பெண்கள்.

சிட்னியில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அன்று அங்கே இருந்திருந்தால் ஆசியக்காரி என்று எனக்கும் இல்லையென்றிருப்பார்கள். போகட்டும், நான் வந்தேறி. அந்தப் பழங்குடிப் பெண்களை எந்தக் கணக்கில் விலக்கினார்கள்? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: கலப்பில் பிறந்தவள் என்றால், உடம்பில் எந்த ரத்தம் கூடுதல் என்று பார்ப்பார்கள். பழங்குடி ரத்தம் பாதிக்கு மேல் என்றால் பணமில்லை.

பணம் தர வேண்டிய இடத்தில் கண்ணில் படாத தாய், பிள்ளையைப் பறிக்கும்போது மட்டும் நன்றாகத் தெரிந்தாள். நியூ சவுத் வேல்ஸில் 1909 சட்டப்படி, பிள்ளை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. 1915இல் அதையும் திருத்தினார்கள். பழங்குடியினர் பாதுகாப்பு வாரியமே பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தால் போதும், எடுத்துப்போகலாம். கைக்குழந்தைகள் பொமடெரி விடுதிக்கு, சிறுமிகள் கூட்டமண்ட்ரா விடுதிக்கு, பையன்கள் கின்செலா விடுதிக்கு. கூட்டமண்ட்ரா விடுதி இருந்தது ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில். அங்கே வீட்டு வேலை பழக்கி, பதினான்கு வயதுவாக்கில் வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

கிராமப்புற ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பழங்குடிப் பெண்ணுக்குத் தனி வார்டு, இல்லாவிட்டால் வராந்தா. பிரசவத்துக்குப் போனால் பிள்ளையை எடுத்துப்போக ‘வெல்ஃபேர்’காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் போகாமலே இருந்தவர்களும் உண்டு. அந்தப் பயத்தின் மிச்சத்தை நானே பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கலகலவென்று பேசிக்கொண்டிருக்கும் பாட்டி, நான் படிவத்தை எடுத்து “வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?” என்றதும் வாயை மூடிக்கொள்வார். பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வார். “ஏன் கேட்கிறாய், சிஸ்டர்?” என்பார். கேள்வி என்னவோ பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் உதவிக்கு ஆளுண்டா என்பதற்காகத்தான்.

பணத்தின் கதைக்குத் திரும்பினால், 1941இல் பிள்ளை வளர்ப்புப் பணம் வந்தது. அதில் பழங்குடிகளில் ஒரு பகுதியினரைச் சேர்த்தார்கள். ஆனால் பல இடங்களில் அது மிஷன் கைக்கோ வாரியத்தின் கைக்கோதான் போனது. தாய்க்குக் கிடைத்தது கடையில் காட்டிச் சாமான் வாங்கும் சீட்டு. பேறுகாலப் பணத் தடையை 1942இல் கொஞ்சம் தளர்த்தி, 1959இல் பெரும்பாலும் நீக்கினார்கள். நாடோடிகளாகத் திரிபவர்களுக்கு மட்டும் கிடையாது என்ற மிச்சம் போக 1966 ஆயிற்று.

பிறகு மருத்துவத்தில் பழங்குடிகள் தாங்களே இறங்கினார்கள். 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் சொந்த மருத்துவ நிலையம். 2013இல் பிரிஸ்பேனில் அவர்களுடைய மருத்துவ அமைப்புகள் ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியோடு சேர்ந்து நடத்தத் தொடங்கிய பிரசவப் பராமரிப்புத் திட்டம். அங்கே கர்ப்பம் தொட்டுப் பிரசவத்துக்குப் பிறகும் ஒரே மருத்துவச்சி கூட இருக்கிறார். பழங்குடிப் பணியாளர்களே வீடு தேடிப் போகிறார்கள். குறைமாதப் பிரசவங்கள் அங்கே கணிசமாகக் குறைந்தன. இவ்வளவுக்குப் பிறகும், வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு வெளிப் பராமரிப்பில் வாழும் விகிதம் பழங்குடிப் பிள்ளைகளிடையே மற்றப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்குக்கு மேல்.