காயலில் இறங்கிய குதிரைகளின் மூச்சு

கீழவைப்பாரிலிருந்து முத்துக்குளித்துறைக் கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால், தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலை அடைவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் அது. கீஷ் தீவின் மலிக் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டார் என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். வழியில் இறந்தவற்றுக்கும் அரசுக் கருவூலமே விலை தரவேண்டும்!

அக்குதிரைகள் இங்கு நெடுநாள் வாழவில்லை. பராமரிக்கத் தெரியாமையே காரணம் என்றார் மார்க்கோ போலோ. சமைத்த சோறும் இறைச்சியும் ஊட்டினராம், அது தவறுதான். எனினும் குதிரையின் தலையையும் நாம் நோக்கவேண்டும்.

அதன் மண்டையோட்டில் பெரும்பகுதி முகமே. நீண்ட நாசிக்குழியிலுள்ள மெல்லிய எலும்புச் சுருள்கள், புகும் காற்றை ஈரமாக்கித் தூசியைத் தடுக்கின்றன. மென்னண்ணம் நீண்டு குரல்வளை மூடியின் கீழ்ப் படிந்திருப்பதால், குதிரை வாயால் மூச்சுவிட இயலாது. 'அல்ஆதியாத்' அத்தியாயத்தின் தொடக்கத்தில் நாம் ஓதும் அந்த மூச்சிரைப்பு, முழுவதும் நாசித்துளை வழியே வருவது. நாயைப்போல் வாய்திறந்து இரைத்து வெப்பம் தணிக்கவும் வழியில்லை. பெரிதும் வியர்வையே துணை.

மேயும்போது தலை தாழ்வதால் மூச்சுக்குழாயின் சளியும் தூசியும் வடிந்துவிடும். தலையை உயர்த்திக் கட்டி நெடுந்தொலைவு கொண்டுசென்றால் அவை தேங்கி நுரையீரலில் நோய் பற்றும். லாயத்தில் கண்ட நோய் மரக்கலத்திலேயே தொடங்கியிருக்கலாம் என்பது நம் கருத்து.