திருவாதிரைக் கூட்டுக்குள் வந்த பரங்கியர்கள்: ஒரு இழை

1/ மார்கழியில் சிதம்பரம் பக்கம் ஓபியில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். சுகர் மாத்திரை போடும் ஒரு அம்மா கேட்டாங்க: "சார், களியில வெல்லத்தையும் கூட்டுல கிழங்கையும் குறைச்சா சாமி குத்தம் ஆயிடுமா?" உண்மையான பயத்தோடதான் கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்ன கதை இது.

2/ சேந்தனார் கதை நமக்குத் தெரியும். விறகு விற்றுப் பிழைத்தவர். மழையில் விறகு நனைஞ்சு போச்சு, விற்கல. வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டி சிவனடியாருக்குப் படைத்தார். மறுநாள் தில்லைக் கோயில் கருவறையில் களி சிதறிக் கிடந்ததாம். அதாவது களியே, இருந்ததை வெச்சு சமாளிச்ச சமையல்தான்!

3/ களிக்குத் துணை ஏழு காய்க் கூட்டு. "இங்கிலீஷ் காய் சேர்க்கக் கூடாது, நாட்டுக் காய் மட்டும்"னு பாட்டிமார் கறாரா சொல்வாங்க. கேரட், பீன்ஸுக்கு இடமில்லை. பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் கட்டாயம் உண்டு. இங்கதான் வேடிக்கை.

4/ இந்த ரெண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மிளகாய்க்கும் அதே. 1492-ல் கொலம்பஸ் அங்கே போனார், 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். அதற்குப் பிறகு, பெரும்பாலும் போர்த்துக்கீசியர் வழியாக, இவை நம்ம நாட்டுக்கு வந்தன. சேந்தனார் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர். அவர் இதில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

5/ சாட்சி பக்கத்திலேயே இருக்கு. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். நம்ம மக்கள் வைத்த பெயர் பரங்கிப்பேட்டை. பரங்கியர் ஊர் பரங்கிப்பேட்டை, பரங்கியர் காய் பரங்கிக்காய். கத்திரியும் சேனையும் ஆசியக் காய்கள். எல்லாம் இப்ப ஒரே சட்டியில்.

6/ இப்ப சமையல் குறிப்பு:
• சேனை நாக்கு அரிப்பதற்குக் காரணம் ஊசி மாதிரி இருக்கும் கால்சியம் ஆக்சலேட். கையில் எண்ணெய் தடவி நறுக்குங்க, புளித் தண்ணியில் நல்லா வேக விடுங்க.
• காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு முழுசா வேக வைங்க.
• பரங்கி சீக்கிரம் குழையும், கடைசியில் போடுங்க.

7/ மருத்துவக் குறிப்பு:
• வெல்லமும் சர்க்கரை மாதிரியே சுகரை ஏத்தும். களி ஒரு சின்ன உருண்டை போதும். கூட்டில் கிழங்கைக் குறைச்சு அவரை, கத்திரியைக் கூட்டிக்கோங்க.
• கிட்னி பிரச்சினையில் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தா, கிழங்கைச் சின்னதா நறுக்கி நிறைய தண்ணியில் வேக வெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டுங்க. அளவும் கொஞ்சமாத்தான்.
• முக்கியமானது: நோன்பு இருந்துக்கிட்டே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்தா லோ சுகர் வரலாம். முன்கூட்டியே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தா உடனே சர்க்கரைத் தண்ணி குடிங்க. நோன்பு அப்புறம்.

8/ கதையைக் கேட்டுட்டு அந்த அம்மா சொன்னாங்க: "அப்ப பரங்கிக்காயையே ஏத்துக்கிட்ட சாமி, என் சுகரை ஏத்துக்காதா?"

இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது. வீட்டில் சுகர், கிட்னி நோயாளி இருந்தா இந்த இழையைக் காட்டுங்க. திருவாதிரை வாழ்த்துகள் 🙏