சுவர் போய் சீட்டு வந்த கதை

பெங்களூர், புனே, ஹைதராபாத் என்று கம்ப்யூட்டர் வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ‘சர்வர்லெஸ்', ‘எட்ஜ்' என்ற வார்த்தைகள் இப்போது சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்துவிட்டன. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சர்வர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. யாரோ ஒருவருடைய சர்வரில், வேலை வரும்போது மட்டும் நம் புரோகிராம் கண் இமைக்கும் நேரம் ஓடும். முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். அது எங்கோ அமெரிக்காவில் ஓடாமல், வாடிக்கையாளருக்குப் பக்கத்து ஊரில் ஓடினால் எட்ஜ். பாங்க்காரன் புத்தி பாருங்கள், எனக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான்: இத்தனை ஊரில் ஓடுகிறதே, சாவி யாரிடம்?

நான் காமர்ஸ் படித்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அது சுவாரசியமாகவும் இருக்கிறது.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்) ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டை இயக்கிக் காட்டினார்கள். ஒருவர் ஃபைலை இன்னொருவர் பார்க்கக்கூடாதே என்று பாஸ்வேர்ட் வைத்தார்கள். அடுத்த வருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய மெஷின் நேரம் போதாமல், பாஸ்வேர்ட் ஃபைலையே பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஒரு துளை அட்டையைக் கொடுத்தார். மெஷினும் சமர்த்தாக அடித்துக் கொடுத்துவிட்டது. 1966-ல் இன்னும் கூத்து. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட் செய்ததில் ஃபைல்கள் இடம் மாறி, உள்ளே நுழைந்த எல்லோருக்கும் வரவேற்புச் செய்தியாக மொத்த பாஸ்வேர்ட் பட்டியலும் வந்து நின்றது!

அதே எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். யாருக்கும், எந்த புரோகிராமுக்கும், அதன் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் அதிகாரம் தராதே என்பது அதில் ஒரு விதி. பாங்க்கில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கேஷியருக்கு ஒரு லிமிட், ஆபீசருக்கு ஒரு லிமிட், ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு பேரிடம் சாவி. மாற்றலாகிப் போகும்போது சாவியையும் பாஸ் பண்ணும் பவரையும் இங்கேயே ஒப்படைத்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

1980-களில் அங்கே கேம்பஸ் முழுக்கக் கம்ப்யூட்டர் வந்தபோது, எந்த மெஷினில் யார் உட்காருவார் என்று சொல்ல முடியாத நிலை. அதற்காக கெர்பரோஸ் என்ற முறையைச் செய்தார்கள். உங்களை யாரென்று ஒரு இடத்தில் சரிபார்த்து, சில மணி நேரத்தில் காலாவதியாகும் ஒரு சீட்டு கொடுக்கும். மற்ற இடங்களில் சீட்டைக் காட்டினால் போதும்.

இவ்வளவு நல்ல யோசனை இருந்தும், கம்பெனிகள் 1990-களில் பெரும்பாலும் நம்பியது சுவரைத்தான். ஃபயர்வாலுக்கு உள்ளே இருப்பவன் நம்ம ஆள், வெளியே இருப்பவன் அந்நியன். 2010 ஜனவரியில், தங்கள் நெட்வொர்க்கிலேயே ஊடுருவல் நடந்ததாக கூகுள் அறிவித்தது. பிறகு அவர்கள் சுவரை நம்புவதையே விட்டுவிட்டு, ஆளையும் அவர் கையில் இருக்கும் மெஷினையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் முறைக்கு மாறினார்கள். ‘பியாண்ட்கார்ப்' என்று 2014-ல் அதை வெளியிட்டார்கள். அதே 2014 நவம்பரில் அமேசான் ‘லாம்ப்டா' வந்தது. நிலையான விலாசமே இல்லாத புரோகிராமைச் சுற்றி எங்கே சுவர் கட்டுவது? ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு அடையாளம், அதற்கு இன்னின்ன பவர் என்று எழுதிவைப்பதுதான் வழி. 2017-ல் லாம்ப்டாவின் எட்ஜ் வடிவமும், கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸும் வந்தபின் இது பல நாடுகளுக்கும் பரவியது.

எட்ஜில் சீட்டைச் சரிபார்ப்பது எப்படி? நம்ம டிமாண்ட் டிராஃப்ட்தான்! திருச்சியில் கொடுத்த டிராஃப்ட் போபாலில் வந்தால், திருச்சிக்கு போன் போட வேண்டியதில்லை. கிளையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டிக் கையெழுத்தைப் பார்த்தால் போதும். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு புது டிராஃப்ட் போடவும் முடியாது (கைவேலைக்காரர்களை விட்டுத்தள்ளுங்கள்). இங்கே அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்வது பப்ளிக் கீ. கையெழுத்திடும் ரகசியச் சாவி தலைமையிடத்தில் பத்திரமாக இருக்கும். கஷ்டமும் அதே கஷ்டம்தான்: கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. டிராஃப்ட் தாள் தொலைந்தால் எல்லாக் கிளைக்கும் சர்க்குலர் போகும், அது போய்ச் சேர்வதற்குள் ஒருவன் பணத்தை எடுத்துவிடலாம். அதனால்தான் சீட்டின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைக்கிறார்கள். நம் டிராஃப்டுக்கே 2012 ஏப்ரலில் ஆறு மாதம் மூன்று மாதமானது.

எல்லாம் சரி, சீட்டு அசல், ஆனால் அதில் பவர் அதிகம் என்றால்? 2019 மார்ச்சில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் பாங்க்கில் நடந்தது அதுதான். அமேசான் கிளவுடில் அவர்கள் வைத்திருந்த ஒரு ஃபயர்வால் சரியாக அமைக்கப்படவில்லை. வெளியே இருந்து ஒருவர் அதைத் தூதனாக்கி, அதன் சொந்தத் தற்காலிகச் சீட்டையே எடுத்துவரச் செய்துவிட்டார். வாசலில் நிற்கும் காவலாளியின் சீட்டு அது. அதைக் காட்டினால் 700-க்கும் மேற்பட்ட ஃபைல் பெட்டிகளின் பட்டியல் வந்தது, உள்ளே இருந்ததைக் காப்பி எடுக்கவும் முடிந்தது. வாட்ச்மேனுக்கு லெட்ஜர் ரூம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்த சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடாக்காரர்களின் விவரங்கள் போயின. சுமார் 80,000 பாங்க் கணக்கு எண்களும் அதில் அடக்கம். ஜூலையில் வெளியாள் ஒருவர் மெயில் அனுப்பிச் சொன்ன பிறகுதான் பாங்க்குக்கே தெரியும். 2020 ஆகஸ்டில் 8 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள்.

2019 நவம்பரிலேயே அமேசான், இப்படித் தூதன் மூலம் சீட்டு வாங்குவதைக் கடினமாக்கும் புது முறையைக் கொண்டுவந்தது. பவரைக் குறைத்து எழுதுவது மட்டும் இன்னமும் எழுதுகிறவர் கையில்தான். அந்தப் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ‘எல்லாம் செய்யலாம்' என்று அர்த்தம். டெட்லைன் நெருங்கும் ராத்திரியில் உங்கள் பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தால், காபி கொடுக்கும்போது அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.