பின்னால் நிற்பதை யார் பார்ப்பது? தானே நிறுத்திக்கொள்ளும் காரும் கேமராவும்

2022 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மாடல் 3, மாடல் ஒய் கார்களின் முன், பின் பம்பர்களில் பதிக்கப்பட்டுவந்த 12 மீயொலி உணரிகள் இனிப் பொருத்தப்படமாட்டா. அவற்றின் வேலையைக் கேமராக்களே பார்த்துக்கொள்ளும் என்றது அது. மாற்றம் நிறைவேறும்வரை சிறிது காலம், தானே நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ளிட்ட சில வசதிகள் புதிய கார்களில் இயங்கமாட்டா என்றும் அதே அறிவிப்பு தெரிவித்தது. தடையின் தொலைவைத் திரையில் காட்டும் வசதி 2023 மார்ச்சில் திரும்பியது. கார் தானே இடம் பார்த்து நிறுத்திக்கொள்ளும் வசதி திரும்புவதற்கு 2024 பிறக்கவேண்டியிருந்தது. 2015 முதல் அந்நிறுவனத்தின் கார்களில் இருந்துவந்த ஒரு திறன், உணரி நீக்கப்பட்ட புதிய கார்களில் ஓராண்டுக்கும் மேலாக இல்லாமற்போயிற்று.

தொழில்நுட்ப வரலாற்றை ஏறுமுகமாகவே படித்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தலான நிகழ்ச்சி. கேமரா காரில் ஏறி அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. நாணயம் அளவேயுள்ள ஓர் உணரியின் வேலையை ஏற்றுக்கொள்ள அது ஏன் இத்தனை திணறியது? காரில் கேமரா முதலில் யாருக்காக வைக்கப்பட்டது என்று பார்த்தால் விடை துலங்கத் தொடங்குகிறது.

1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மோட்டோராமா கண்காட்சியில் வைத்த பியூக் செஞ்சூரியன் என்னும் மாதிரிக் காரில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் கேமரா ஒன்று இருந்தது. அதன் படம் ஓட்டுநருக்கு முன்னிருந்த திரையில் தெரிந்தது. 1972இல் வால்வோ நிறுவனம் உருவாக்கிய பாதுகாப்புச் சோதனைக் காரிலும் பின்புறக் கேமரா உண்டு. விற்பனைக்கு வந்தவற்றுள் 1991ஆம் ஆண்டின் டொயோட்டா சோரர் குறிப்பிடத்தக்கது. அது ஜப்பானுக்குள் மட்டும் விற்கப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் 2002 மாடலான இன்ஃபினிட்டி க்யூ45 இவ்வசதியைப் பரவலாக அறியச் செய்தது. இவை அனைத்திலும் கேமரா படத்தைக் காட்டியதோடு சரி. எது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணித்தவர் ஓட்டுநர். மனிதக் கண்ணுக்குப் பின்னால் தூரத்தை அறிய ஒரு வாழ்நாள் அனுபவம் இருக்கிறது. தட்டையான படத்தைப் பார்த்ததும் அது தானாகவே ஆழத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. கேமராவின் குறையை மனிதர் ஈடுசெய்ததால் அக்குறை நெடுங்காலம் வெளியே தெரியவில்லை.

கேமராவைச் சொகுசுப் பொருள் என்னும் நிலையிலிருந்து சட்டத் தேவையாக மாற்றியது ஒரு துயரம். 2002இல் அமெரிக்காவில் வீட்டு வாசலில் காரைப் பின்னோக்கி எடுத்த தந்தை ஒருவர், பின்னால் நின்ற தம் இரண்டு வயது மகனைப் பார்க்கவில்லை. குழந்தை இறந்தது. தந்தை கவனக்குறைவானவர் அல்லர். உயரமான அவ்வகைக் கார்களின் பின்கண்ணாடி வழியே அத்தனை சிறிய உருவம் தெரிய வழியே இல்லை. அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008இல் கையொப்பமானது. அதன்கீழ் வகுக்கவேண்டிய விதி பலமுறை தள்ளிப்போய் 2014இல் இறுதியாயிற்று. 2018 மே 1 முதல் அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் பின்புறக் கேமரா கட்டாயமானது. காரின் பின்னால் 10 அடிக்கு 20 அடிப் பரப்பு ஓட்டுநருக்குத் தெரியவேண்டும் என்பது விதி. அப்போது அரசு முன்வைத்த மதிப்பீட்டின்படி, பின்னோக்கி வரும் வண்டிகளால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்துவந்தனர். அவர்களில் 31 விழுக்காட்டினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இந்த விதியின் பயன் எவ்வளவு? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஆய்வுகளில், பின்புறக் கேமரா மட்டும் இருந்த கார்களில் பின்னோக்கிய மோதல்கள் 17 விழுக்காடு குறைந்திருந்தன. கேமராவோடு தூர உணரியும் தானியங்கி பிரேக்கும் சேர்ந்த கார்களில் குறைவு 78 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெளி கவனத்துக்குரியது. படம் திரையில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கவும், பார்த்ததைப் புரிந்துகொள்ளவும், உரிய நொடியில் காலை அழுத்தவும் ஒருவர் வேண்டும்.

தானே நிறுத்திக்கொள்ளும் காரின் கதை வேறொரு தடத்தில் ஓடியது. அதற்குத் தொடக்கத்தில் கண்ணே இல்லை. 1930களில் கலிஃபோர்னியாவின் புரூக்ஸ் வாக்கர், காரின் பின்புறத்தில் ஐந்தாவதாக ஒரு சக்கரத்தைக் குறுக்குவாட்டில் இறக்கி, வாலைச் சுழற்றி இடுக்குக்குள் நுழைக்கும் பொறியை வடிவமைத்தார். அது சந்தையில் நிலைக்கவில்லை. பின்னர் இச்சிக்கலைக் கணிதம் எடுத்துக்கொண்டது. முன்னோக்கி மட்டுமே செல்லும் வண்டியின் மிகக் குறுகிய வளைபாதையை 1957இல் டூபின்ஸ் கண்டார். முன்னும் பின்னும் செல்லக்கூடிய வண்டிக்கு அத்தகைய பாதை ஐந்து துண்டுகளுக்கு மேற்படாது என்று 1990இல் ரீட்ஸும் ஷெப்பும் நிறுவினர். 1990களின் நடுப்பகுதியில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பரோம்சிக், லோஜியே ஆகிய இருவரும் லிஜியே மின்காரொன்றை, சாலையோரம் நிற்கும் இரு வண்டிகளுக்கு நடுவே தானாக நுழைந்து நிற்கச் செய்தனர்.

அந்த மின்கார் தூரத்தை மீயொலியால் அறிந்தது. அதன் முறை எளியது. உணரி ஒலித் துடிப்பொன்றை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது; ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 6 மில்லிநொடி. எதிரில் நிற்பது சுவரா, மாடா, மனிதரா என்று அதற்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது, இத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்லும். கேமரா இதற்கு நேர்மாறு: என்ன இருக்கிறது என்பதைச் செழிப்பாகக் காட்டும், எத்தனை தொலைவு என்பதை ஊகிக்கவேண்டும்.

இரு தடங்களும் 2003இல் ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸில் சந்தித்தன. மின்விசையால் திரும்பும் ஸ்டீயரிங் அக்காரில் இருந்ததால், கணினி அதைத் திருப்ப இயன்றது. ஆனால் அந்தக் கணினிக்கு இடத்தைத் தானே கண்டுகொள்ளத் தெரியாது. பின்புறக் கேமராவின் படம் திரையில் விரியும். ஓட்டுநர் அம்புக்குறிகளைத் தொட்டுத் தொட்டு ஒரு கட்டத்தை நகர்த்தி, கார் நிற்கவேண்டிய இடத்தின்மேல் பொருத்தவேண்டும். பிறகு ஸ்டீயரிங் சுழலும். பிரேக் ஓட்டுநரின் காலிலேயே இருக்கும். தானே நிறுத்திக்கொள்ளும் கார் என்று உலகமே வியந்த அந்த அமைப்பில், பார்க்கும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே இருந்தது. கட்டத்தைப் பொருத்துவதற்குள் பழகிய ஓட்டுநர் இரண்டு முறை நிறுத்தி எடுத்திருப்பார் என்பது வேறு.

வணிகத்தில் வென்றது மீயொலி. வாலியோ நிறுவனத்தின் உணரிகளோடு 2007இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டூரான், வரிசையில் நின்ற கார்களைக் கடக்கும்போதே பக்கவாட்டு உணரிகளால் இடைவெளியை அளந்து தானே நுழைந்தது. அதே ஆண்டில் நிசான் கேமராவுக்கு வேறொரு வேலை கொடுத்தது: நான்கு பக்கமும் அகலப் பார்வைக் கேமராக்களைப் பொருத்தி, அவற்றின் படங்களைத் தைத்து, வானிலிருந்து பார்ப்பதுபோன்ற பருந்துப் பார்வையை உண்டாக்கியது.

அந்தப் பருந்துப் பார்வை ஒரு புனைவு. காரின்மேல் எந்தக் கேமராவும் பறக்கவில்லை. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தரையில் கிடக்கிறது, தரை முற்றும் சமதளம் என்ற எடுகோளின்மேல் கணக்கிட்டுத் திருத்தி வரையப்பட்ட சித்திரம் அது. தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்த எடுகோள் பொருந்தும். கோடு தன் இடத்தில் துல்லியமாக விழும். தரையிலிருந்து எழும் எதற்கும் அது பொருந்தாது. கம்பம் நீண்டு சாய்ந்து தரையில் இழுபட்ட நிழலாகத் தெரியும். பக்கத்துக் காரின் மேற்பகுதி உப்பிச் சிதறும். பொருள் தரையைத் தொடும் இடத்தில் மட்டுமே அளவு மெய். இரண்டு கேமராக்களின் படங்கள் இணையும் தையலிலோ சிறிய பொருள் பாதி மறைந்தும் போகலாம். மனிதர் இதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு கழித்துவிடுவார். கணினிக்கு அதைத் தனியே கற்பிக்கவேண்டும்.

கற்பிப்பதற்குத் திரட்டப்பட்ட படத் தொகுப்புகள் எதைப் பார்வை எனக் கொண்டன என்பது ஆய்வு மாணவர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடம். ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட தொகுப்பில் 12,165 பருந்துப் பார்வைப் படங்கள் உள்ளன. அவற்றில் கணினி தேடப் பழகுவது நிறுத்துமிடத்தின் வண்ணக்கோடுகள் சந்திக்கும் மூலைகளை. வாலியோ 2019இல் அறிவித்த உட்ஸ்கேப் தொகுப்பு, மீன்கண் வில்லை கொண்ட நான்கு கேமராக்களின் படங்களால் ஆனது. அவை அமெரிக்கா, ஐரோப்பா, சீனா ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டவை.

இத்தனைக்கும் பிறகு, தானியங்கி நிறுத்தம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது? அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் விடை, அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2015இல் வெளியிட்டது. ஐந்து கார்களை வைத்து நடந்த அச்சோதனையில், பின்புறக் கேமராவின் துணையோடு கையால் நிறுத்திய மனிதரைவிடத் தானியங்கி 81 விழுக்காடு குறைவாகவே நடைபாதை விளிம்பில் மோதியது; முன்பின் அசைவுகளில் 47 விழுக்காடு மிச்சம்; நேரத்தில் 10 விழுக்காடு மிச்சம். விளிம்புக்கு 37 விழுக்காடு நெருக்கமாகவும் நின்றது. சில கார்கள் அரை அங்குலம்வரை நெருங்கின. சக்கரம் உரசுமே என்று சங்கமே கவலை தெரிவித்தது. எண்கள் கம்பீரமானவை. ஆனால் அந்தத் தலைமுறைக் கார்கள் இடத்தை அளந்தது பெரும்பாலும் மீயொலியால். கேமரா மட்டுமே கொண்ட கார்களுக்கு இம்மதிப்பெண்ணை அப்படியே எடுத்துப் போடுவது தகாது. மேலும், ஒழுங்கான விளிம்புள்ள இடத்தில் எவ்வளவு நேர்த்தியாக நிற்கிறது என்பது ஒரு கேள்வி. எதிர்பாராத பொருள் குறுக்கே இருந்தால் நிற்குமா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விதான் டெஸ்லாவின் கார்களைத் துரத்தியது. அவற்றில் முன்பக்கத்தைப் பார்த்த கேமராக்கள் முகப்புக் கண்ணாடியின் மேற்புறத்தில் இருந்தன. பானெட் மறைத்ததால், பம்பரை ஒட்டிய தரை அவற்றுக்குத் தெரியாது. இதற்குக் கண்ட தீர்வு நினைவு. நெருங்கி வரும்போது கண்ட பொருளை, அது பார்வையிலிருந்து மறைந்த பின்னும் அங்கேயே இருப்பதாகக் கணினி கணக்கில் வைத்துக்கொள்ளும். இது நுட்பமான தீர்வு. கார் நின்றிருந்த வேளையில் யாரோ ஒருவர் பம்பருக்கடியில் வைத்துவிட்டுப் போன பொருளை மட்டும் இந்த நினைவு அறியாது. 2025இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் ஒய் காரின் முன்பம்பரிலேயே ஒரு கேமரா வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அந்நிறுவனத்தின் கார் நிறுத்துமிடத்திலிருந்து உரிமையாளரை நோக்கித் தானே வரும் வசதி குறித்து விசாரணை தொடங்கியது. ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் அதன் வரம்புக்குள் வந்தன. தொடக்கத்தில் சுட்டப்பட்ட மோதல்கள் சிலவே. கார்கள் இனங்காணத் தவறியவை கம்பங்களும் நின்றுகொண்டிருந்த வண்டிகளும்.

ஜெர்மானியர் கேமராவைக் காரிலிருந்து இறக்கிக் கட்டடத்தில் மாட்டினர். ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தின் பி6 நிறுத்தகத்தில், உள்ளே ஆளே இல்லாமல் மெர்சிடிஸ் கார்கள் தம் இடத்துக்குப் போய் நிற்பதற்கு 2022 நவம்பரில் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. வழியைப் பார்த்துச் சொல்பவை போஷ் நிறுவனம் அங்கு பொருத்திய கேமராக்கள். அங்கே தரை உண்மையிலேயே சமதளம். ஒவ்வொரு தூணும் எங்கே நிற்கிறது என்பதும் முன்பே தெரியும். அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் அத்திறன் இல்லை.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்புறத் தூர உணரி கட்டாயம். கேமராவையோ தானியங்கி நிறுத்தத்தையோ விதி கேட்கவில்லை. ஆயினும் எம்ஜி குளோஸ்டர் 2020இலும், மஹிந்திராவின் பிஇ 6 போன்ற மின்கார்கள் அண்மையிலும் தானே நிறுத்திக்கொள்ளும் வசதியோடு வந்துள்ளன. அவை வந்து நிற்கவேண்டிய தெருவில் வண்ணக்கோடு அரிது. இடத்தின் எல்லையைச் சொல்வன வாசற்படியின் கருங்கல், வீட்டுக்காரர் வைத்த பூந்தொட்டி, ஸ்டாண்டு போட்ட மோட்டார் சைக்கிளின் நீட்டிய கைப்பிடி, மூடியில்லாத சாக்கடை. கைப்பிடி தரையைத் தொடுவதில்லை. பருந்துப் பார்வையில் அது தன் இடத்தில் இராது. சாக்கடையோ தரைக்குக் கீழே இருக்கிறது. எதிரொலியும் அங்கிருந்து ஒழுங்காகத் திரும்பாது. இன்றளவும் காரின் பின்புறத்தைத் தட்டியபடி 'வா, வா, வா' என்று சொல்லும் காவலாளிதான் இவ்விரண்டையும் பார்க்கிறார். ஐஐஐடி ஹைதராபாத் 2018இல் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத் தொகுப்பு, ஹைதராபாத், பெங்களூரு பகுதிகளில் 182 பயணங்களில் திரட்டிய ஏறத்தாழ 10,000 படங்களைக் கொண்டது. ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் சாலையோர மண்தரைக்கும் அதில் தனி வகைப்பாடுகள் உண்டு. அப்படங்களை எடுத்த கேமரா, ஓடும் காரிலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.