டிரங்குப் பெட்டியும் மைஸ்பேஸும்

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "சமூக வலைத்தளத்துல போட்டது சாகாது"ன்னார். சாகாதா? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டுவோமா?

2003-இல் அமெரிக்காவில் பிறந்தது மைஸ்பேஸ். பாட்டுக் கட்டுற இளவட்டமெல்லாம் அங்கேதான் குடியேறியது. 2005-இல் ரூபர்ட் முர்டோக்கின் நிறுவனம் அதை 58 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷமே, ஹார்வர்டு மாணவர் விடுதியில் பிறந்த ஃபேஸ்புக் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. கூட்டம் அங்கே போயிருச்சு. 2011-இல் மைஸ்பேஸ் விலைபோனது சுமார் 3.5 கோடி டாலருக்கு! பழைய பேப்பர்காரன்கூட இப்படிக் குறைக்கமாட்டானய்யா! (சிரிப்பு)

சரி, அது முர்டோக் பணம், நமக்கென்ன? 2019-இல் வந்த சேதிதான் என்னை உலுக்கியது. சர்வர் மாற்றும்போது, 2015 வரை ஏற்றிய பாட்டும் படமும் தொலைந்துபோனதாம்! பன்னிரண்டு வருஷப் பாட்டு! வேறு பிரதி வைக்காத பாடகன் யாரிடம் போய்க் கேட்பான்?

நம்ம பிள்ளைகள் விழுந்து கிடந்த ஆர்குட்டும் 2014 செப்டம்பர் 30-இல் மூடியாச்சு.

எங்க அப்பா கல்யாண போட்டோ இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு. ஓரத்தைப் பூச்சி அரிச்சிருச்சு. முகம் இருக்கு தம்பி!